கண்டவங்களுக்கு ஒரு வாசல்

சிஸ்டருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் இது அத்துப்படி. அந்தத் தணிந்த குரல் காதில் விழுந்தால் டாக்டர்கள்கூட கையில் இருக்கும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'சிடுசிடு' என்று பெயர். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் சிஸ்டர்தான். வாரத்தில் பாதி நாள் மெஷினோடு கட்டுண்டு கிடக்கும் நோயாளிகளுக்கு மட்டும் அவர்மேல் தனிப் பிரியம். "அந்தம்மா ஒரு வாட்டி திட்டினாத்தான் எனக்கு ரத்தமே சுத்தமாகுது" என்பார் ஒரு பழைய லாரி டிரைவர்.

அவர் பிறந்து வளர்ந்தது ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த தெருவில். அந்தத் தெருவின் ஒரு பக்கம் முழுக்க பிஸ்கட் தொழிற்சாலையின் மதில். மறுபக்கம் ஒட்டி ஒட்டிக் கட்டிய மாடி வீடுகள். அப்பா அந்தத் தொழிற்சாலையில் மெக்கானிக். அவர் கட்டிய வீடு அவருக்குப் பிறகு அண்ணனுக்குப் போனது. அண்ணன் தங்கையை ஏமாற்றவில்லை, பங்கு கொடுத்தார். ஆனால் அந்தப் பங்கை வைத்து அதே தெருவில் ஒரு குளியலறைகூட வாங்க முடியாத காலம் வந்துவிட்டிருந்தது. சிஸ்டரும் கணவரும் மகளும் பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள்.

பிறந்த வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். சிஸ்டர் குடியிருந்த இடத்திலிருந்தோ இரண்டு பஸ் மாற வேண்டும். காலை ஷிஃப்டுக்கு அவர் கிளம்பும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். சில நாள் திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். "என்னைவிட கண்டக்டர்தான்மா உன்னை அதிகமா பாக்கறாரு" என்று அவள் ஒருமுறை சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிஸ்டருக்கு அது நெஞ்சில் தைத்தது தைத்ததுதான்.

தொழிற்சாலை மூடிப் பல வருஷம் பூட்டிக் கிடந்தது. திடீரென்று ஒருநாள் அதன் மதிலில் பெரிய பலகை ஒன்று ஏறியது. அதில் வானத்தைத் தொடும் கட்டடங்களின் படம். தரைத் தளத்தில் கடைகள், அதற்கு மேல் அலுவலகங்கள், அதற்கும் மேலே வீடுகள். கீழே சின்ன எழுத்தில், செவிலியர், ஆசிரியர், ஓட்டுநர் போன்றவர்களுக்குக் குறைந்த வாடகையில் ஊழியர் குடியிருப்பும் உண்டு என்று போட்டிருந்தது. சிஸ்டர் அந்தச் சின்ன எழுத்தைத்தான் முதலில் படித்தார். பஸ்ஸை விட்டுவிட்டு நின்று இன்னொரு முறை படித்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னார். அவர் ஒரு வணிக வளாகத்தில் செருப்புக் கடையில் வேலை பார்ப்பவர். எதையும் சிரிப்பாக்கிவிடுவார்.

"கீழ ஒரு செருப்புக் கடையும் வரட்டும். நான் லிஃப்ட்ல வேலைக்குப் போயிட்டு லிஃப்ட்ல வந்துடறேன். வெறுங்கால்லயே போகலாம்."

"விளையாடாதீங்க. நெஜமா கிடைச்சா?"

"கிடைச்சா உன் கோபத்துக்கு ஒரு வேலையும் இருக்காதே, என்ன பண்ணுவ?"

அடுத்த வாரம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. விடுமுறை நாளில் வீட்டுக்கு வரச் சொன்னார். முக்கியமான விஷயம், நேரில் பேச வேண்டும் என்றார். அண்ணன் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான்.

சிஸ்டர் போனபோது சாப்பாட்டு மேஜை முழுக்க அட்டைகள். 'எங்கள் வெயிலைத் திருடாதே', 'தெருவா, நெரிசலா?', 'அடுக்குமாடிக்கு அனுமதி இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் காயப் போட்டிருந்தார்கள். சங்கத்தின் செயலாளர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், தரையில் உட்கார்ந்து ஒரு அட்டைக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி சிஸ்டரிடம்தான் டயாலிசிஸுக்கு வருகிறவர். அதனால் அவர் எழுந்து நின்று, "வாங்க சிஸ்டர், வாங்க" என்றார்.

அண்ணன் நேராக விஷயத்துக்கு வந்தார். நகராட்சியில் கருத்துக் கேட்புக் கூட்டம் வரப்போகிறது. அதில் ஒரு நர்ஸ் எழுந்து பேசினால் எடுபடும்.

"தூசி, சத்தம், நெரிசல், இதெல்லாம் உடம்புக்கு எவ்வளவு கெடுதல்னு நீ சொல்லு. நுரையீரல் அது இதுன்னு ரெண்டு வார்த்தை சேர்த்துக்கோ. நீ சொன்னா நம்புவாங்க."

"அந்த இடத்துல வீடு வரக்கூடாதுங்கறீங்களா?"

"வரட்டும். இந்த மாதிரி மூணு மாடில வரட்டும். யார் வேணாம்னது? இருபத்திரண்டு மாடி போட்டா நம்ம மாடில துணி காயுமா? ஏற்கனவே மழை பேஞ்சா சாக்கடை வாசல் வரைக்கும் வருது. தண்ணி ரெண்டாவது மாடிக்கே ஏறல."

இதில் பொய் இல்லை. சாக்கடை வந்தது, தண்ணீர் ஏறவில்லை. சிஸ்டர் சின்ன வயதில் அதே வாசலில் அழுக்குத் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளியவர்தான். அதைச் சரிசெய்யச் சொல்லிக் கேட்போம், நானும் வருகிறேன் என்றுதான் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அண்ணன் தொடர்ந்துவிட்டார்.

"அதோட இல்ல. ஊழியர் குடியிருப்புன்னு ஒண்ணு வெச்சிருக்கானுங்க பாரு. நாளைக்கு கண்டவங்களும் வந்து குடியேறுவாங்க. தெருவோட மரியாதை என்னாகறது?"

சிஸ்டரின் குரல் இறங்கியது.

"யாருண்ணா அந்த கண்டவங்க?"

"யாரோ. வாடகைக்கு வர்றவங்க. நமக்குத் தெரியாதவங்க."

"அந்தப் பலகைய முழுசா படிச்சீங்களா? செவிலியர்னு போட்டிருக்கு. செவிலியர்னா நர்ஸ். நான்தான் அந்த கண்டவ."

செயலாளர் குச்சியைக் கட்டுவதை நிறுத்தினார். சமையலறை வாசலில் காபித் தட்டோடு வந்த அண்ணி அங்கேயே நின்றுவிட்டார்.

"உன்னையா சொன்னேன்? நீ என் தங்கச்சி. உனக்கு இந்த வீடு எப்பவும் இருக்கு."

"இருக்குண்ணா. வந்தா காபி குடிச்சிட்டுப் போறதுக்கு இருக்கு. குடியிருக்கறதுக்கு இருக்கா?"

காபியைத் தொடாமல் கிளம்பினார். தெருமுனை வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தார். கோபத்தில் தான் ஏன் அழுகிறோம் என்று அவருக்கு அதிலும் ஒரு கோபம்.

அந்தச் சூட்டோடு அவர் தொழிற்சாலைக்குள் போனார். அங்கே பழைய கேன்டீனில் கட்டுமான நிறுவனம் பொதுமக்கள் பார்வைக்கு மாதிரி வடிவம் ஒன்றை வைத்திருந்தது. கல்யாண மேடை அளவுக்கு ஒரு மேஜை. அதன்மேல் வெள்ளை அட்டையில் கட்டடங்கள், பச்சைப் பஞ்சில் மரங்கள், விரல் நகம் அளவுக்கு மனிதர்கள். கோட்டு போட்ட ஒருவர் வருகிறவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நிறுவனத்தின் மக்கள் தொடர்பு மேலாளர்.

சிஸ்டர் ஊழியர் குடியிருப்பைத் தேடினார். நடுவில் மூன்று கோபுரங்கள், அவற்றை இணைத்து நான்காவது மாடியில் ஒரு தோட்டம், நீச்சல் குளம். முன்பக்கம் அகலமான நடைபாதை, கடைகள். எதிலும் அது இல்லை. சுற்றிப் பின்பக்கம் வந்தார். அங்கே, கடைகளுக்குச் சரக்கு இறக்கும் லாரிகள் வந்து நிற்கும் முற்றத்தை ஒட்டி, தீப்பெட்டி மாதிரி ஒரு கட்டடம் தனியாக நின்றது. அதற்கும் கோபுரங்களுக்கும் நடுவில் ஒரு சுவர். அதன் ஒரே வாசல் பின்சந்தில் திறந்தது. ஜன்னல்கள் எல்லாம் லாரி முற்றத்தைப் பார்த்தன. தோட்டத்துக்குப் போக வழியே இல்லை.

"இங்க குடியிருக்கறவங்க அந்தத் தோட்டத்துக்கு எப்படிப் போவாங்க?"

மேலாளர் புன்னகை மாறாமல், "அது வேற நிர்வாகம் மேடம். இவங்களுக்குப் பராமரிப்புக் கட்டணம் குறைவு. அதனால வசதிகளும் தனித்தனியா பிரிச்சிருக்கோம்" என்றார்.

"குழந்தைங்க எங்க விளையாடும்?"

"பக்கத்துல நகராட்சிப் பூங்கா இருக்கு."

"எங்க?"

அவர் கையைப் பொதுவாக ஒரு திசையில் வீசினார். அந்தத் திசையில் இருந்தது ஆஸ்பத்திரியின் பிணவறை. சிஸ்டருக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"சரக்கு வர்ற வழியில எங்களையும் வர வெச்சிருக்கீங்க. நாங்களும் சரக்குதானா?"

மேலாளர் வேறு யாரையோ வரவேற்கப் போய்விட்டார். ஓரமாக நின்றிருந்த கட்டடக் கலைஞர் ஒருவர் சிஸ்டரிடம் வந்தார். தாடி வைத்த, முப்பது வயது மதிக்கத்தக்கவர்.

"முதல்ல நான் இப்படி வரையலம்மா" என்றார் மெதுவாக. "கோபுரமே இல்ல. எல்லாமே ஏழெட்டு மாடிதான். நடுவுல பெரிய முற்றம், அதைச் சுத்தி வீடுங்க. எல்லாருக்கும் ஒரே வாசல், ஒரே படிக்கட்டு. வீட்டு எண்ணிக்கை ஏறக்குறைய இதேதான். உயரமாக் கட்டினாத்தான் நிறைய பேருக்கு இடம்னு இல்ல."

"அப்புறம் ஏன் மாத்துனீங்க?"

"உயரமா இருந்தாத்தான் மேல் மாடிங்கள நல்ல விலைக்கு விக்க முடியும்னாங்க. கடல் தெரியுமாம். அந்த வாசல் விஷயத்துல நான் சண்டை போட்டேன். தோத்துட்டேன்."

"நல்லா சண்டை போடலன்னு அர்த்தம்" என்றார் சிஸ்டர். அவரிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பஸ்ஸில் ஏறிய பிறகு தோன்றியது. ஆனால் அப்போது சொன்னது சொன்னதுதான்.

கருத்துக் கேட்புக் கூட்டம் நகராட்சி அரங்கத்தில் நடந்தது. மேடையில் திட்டக்குழுத் தலைவியும் உறுப்பினர்களும். முன்வரிசையில் ஒருபக்கம் நிறுவனத்து ஆட்கள், மறுபக்கம் அட்டைகளோடு அண்ணனும் தெருக்காரர்களும். செயலாளரின் மனைவியும் வந்திருந்தார். சிஸ்டர் கணவரோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் நன்றாகத்தான் பேசினார். வெயில், காற்று, சாக்கடை, வண்டி நிறுத்தும் இடம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கைதட்டல் விழுந்தது. பிறகு நிறுவனத்தின் மேலாளர் எழுந்து, வேலையும் வீடும் கடையும் ஒரே இடத்தில் இருந்தால் ஊருக்கு எவ்வளவு நல்லது என்று படம் போட்டுக் காட்டினார். அவருடைய படத்தில் பின்பக்கம் வரவே இல்லை.

பொதுமக்கள் பேசலாம் என்றதும் சிஸ்டர் மைக்கிடம் போனார்.

"நான் ஆஸ்பத்திரில நர்ஸ். இங்க வீடு வரணும். இன்னும் நிறைய வரணும்" என்று ஆரம்பித்தார். நிறுவனத்துப் பக்கம் கைதட்டினார்கள். "தட்டாதீங்க, இருங்க. உங்களுக்கு இன்னும் இருக்கு. எங்களுக்குக் கட்டப்போற வீட்டை மாதிரியில பாத்தேன். நடுவுல சுவரு, பின்னால வாசலு. அந்தச் சுவரை எடுங்க. எல்லாரும் ஒரே வாசல்ல வரட்டும். உயரத்தைக் குறைச்சாலும் இத்தனை வீடு வருமாம், அதை வரைஞ்சவரே சொல்றாரு."

இப்போது தெருக்காரர்களில் சிலர் கைதட்டினார்கள். சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் தட்டாதீங்க. உங்களுக்கு வீட்டு வேலைக்கு ஆள் வேணும், ஊசி போட நர்ஸ் வேணும், பிள்ளைங்கள ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போக டிரைவர் வேணும். வேலை முடிஞ்சதும் அவங்க உங்க கண்ணுல படாம எங்கயாவது போயிடணும். போற தூரம் எவ்வளவுன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

அண்ணன் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஒரு நிமிஷம் தலைவர் அவர்களே. இந்தம்மா இந்தத் தெருவுல குடியிருக்கறவங்க இல்ல. வெளியாள் பேசறதைக் குறிப்புல ஏத்தக்கூடாது. பேசறதுக்கே உரிமை இல்ல."

இந்தம்மா. கூடப் பிறந்தவளை, ஒரே தட்டில் சாப்பிட்டவளை, இந்தம்மா. பின்வரிசையில் சிஸ்டரின் கணவர் எழுந்தே விட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

சிஸ்டர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். குரல் இன்னும் இறங்கியது.

"இந்தம்மா யாருன்னு நானே சொல்லிடறேன். இந்தம்மா இவருக்குத் தங்கச்சி. பொறந்தது அந்தத் தெருவுல. இடம் இல்லாமத்தான் வெளிய போனேன். வெளிய போனதால பேசக்கூடாதுன்னு இவரு சொல்றாரு. இடம் இல்லாதவங்க இடத்தைப் பத்திப் பேசக்கூடாதுன்னா அப்புறம் யாருங்க பேசுவா? ஏற்கனவே வீடு வெச்சிருக்கறவங்களா?"

முன்வரிசையில் செயலாளரின் மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அவருடைய கையில் ஊசி குத்தின தழும்பு எங்கெங்கே இருக்கிறது என்று சிஸ்டருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் அந்த வரிசையே தலைகுனியும். சிஸ்டர் சொல்லவில்லை. நோயாளியை இழுத்துப் பேசுவது தொழிலுக்குச் செய்யும் துரோகம். அந்தம்மா தானாக எழுந்து ஏதாவது சொல்வார் என்று ஒரு கணம் பார்த்தார். அவர் எழவில்லை. தலைவி மேஜையைத் தட்டி நேரம் முடிந்தது என்றார்.

அதற்குப் பிறகும் செயலாளரின் மனைவி டயாலிசிஸுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். சிஸ்டர் அவருக்கு எப்போதும் போலவே ஊசி போட்டார், எப்போதும் போலவே உப்பைக் குறைக்கச் சொல்லித் திட்டினார். அந்தம்மாவால்தான் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. ஒருநாள் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல சிஸ்டர். சமாதானமாப் பேசி முடிச்சுட்டாங்களாம். உயரத்தைப் பதினாறு மாடியாக் குறைச்சுக்கறாங்களாம்."

"நல்லதுதானே."

"அதுக்குப் பதிலா ஊழியர் குடியிருப்பை எடுத்துட்டாங்க. அந்த இடத்துல கார் நிறுத்தப் போறாங்களாம். எங்க வீட்டுக்காரரும் உங்க அண்ணனும் சேர்ந்துதான் பேசினாங்க."

சிஸ்டர் மெஷினின் அளவுகளைச் சரிபார்த்தார். அந்தம்மாவின் போர்வையை இழுத்துவிட்டார். அன்றைக்கு வார்டில் சிஸ்டர் ஒருவரையும் ஒரு தடவைகூடத் திட்டவில்லை என்று பிறகு ஒரு இளம் நர்ஸ் சொன்னாள்.

ஷிஃப்ட் முடிந்ததும் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனார். அழைப்பு மணியை அடிக்காமல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். அண்ணன் சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார் நிக்கறதுக்கு இடம் இருக்கு, நாங்க படுக்கறதுக்கு இல்ல. அதானே?"

"கத்தாத. உக்காரு."

"நான் கத்தலயே."

"நாங்க கேட்டது உயரத்தைக் குறைக்கச் சொல்லித்தான். எதை எடுக்கறதுன்னு அவங்கதான் முடிவு பண்ணாங்க."

"நீங்க வேணாம்னு சொன்னீங்களா?"

அண்ணன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"மேல இருந்து கடல் பாக்கறவனுக்கு இன்னும் பதினாறு மாடி இருக்கு. எங்க வீடு மொத்தமும் போச்சு. அதுக்கு நீங்க கை குலுக்கிட்டு வந்திருக்கீங்க. கம்பெனிக்காரன் பண்ணா அவன் பொழப்புன்னு விட்டுடுவேன். நீங்க பண்ணீங்க பாருங்க."

"எல்லாத்தையும் உன்னோட விஷயமாவே பாக்காத. தெருவுக்கு எது நல்லதோ…"

"தெருவுக்கு என்ன நல்லது நடந்துச்சு?"

கேட்டது சிஸ்டர் அல்ல, அண்ணி. ஈரக் கையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"சாயங்காலம் ஆனா இந்தத் தெருவுல பேச ஒரு ஆள் இல்ல. பாதி வீட்டுல வயசானவங்க மட்டும்தான். நம்ம பையன் ஏன் ஊர் கோடில போய் வாடகைக்கு இருக்கான்? அவனுக்கு இங்க வீடு கிடைச்சுதா? அவனையும் கண்டவன்னுதான் அங்க யாராவது சொல்லிட்டு இருப்பாங்க."

அண்ணன் அண்ணியைப் பார்த்த பார்வையில், இவள் எப்போது பேசக் கற்றுக்கொண்டாள் என்கிற திகைப்புத்தான் இருந்தது. சிஸ்டர் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

இறுதி ஒப்புதலுக்கு இன்னொரு கூட்டம் பாக்கி இருந்தது. அதற்குள் சிஸ்டர் ஆட்களைத் திரட்டினார். எப்படித் திரட்டினார் என்றால், திட்டியே திரட்டினார். "எதுக்கு சிஸ்டர், நாம போய் என்ன ஆகப்போகுது" என்றவர்களிடம், "பஸ்ஸுல நின்னுக்கிட்டே தூங்கறியே, அது மட்டும் ஆகுதா?" என்று கேட்டார். நர்ஸ்கள் வந்தார்கள். அவர் தினமும் போகும் பஸ்ஸின் கண்டக்டர் தன் யூனியன் ஆட்களைக் கூட்டிவந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள், கடைகளின் காவலாளிகள் வந்தார்கள். சிஸ்டரின் கணவர் செருப்புக் கடையையே காலி பண்ணிக்கொண்டு வந்துவிட்டார். "முதலாளி கேட்டா எல்லாருக்கும் வயித்துவலின்னு சொல்லியிருக்கோம். நர்ஸ் நீதான் சாட்சி" என்றார். அந்தத் தாடிக்காரக் கட்டடக் கலைஞர், வேலையை விட்டிருந்தவர், தன் பழைய வரைபடத்தைச் சுருட்டிக் கொண்டுவந்தார்.

அரங்கத்தில் உட்கார இடம் போதவில்லை. சுவரோரம் நின்றார்கள். கட்டடக் கலைஞர் படத்தை விரித்துக் காட்டினார். கோபுரத்தைத் தாழ்த்தி அகலத்தில் பரப்பினால் தெருவின் வெயிலும் போகாது, வீடும் குறையாது என்று விளக்கினார். மேலாளர் அது வியாபாரத்துக்கு ஒத்துவராது என்றார். "எங்களுக்கு ஒத்துவராததுதானே இவ்வளவு நாளா நடக்குது" என்று சுவரோரத்திலிருந்து கண்டக்டர் குரல் கொடுத்தார்.

சிஸ்டர் இந்த முறை சுருக்கமாகத்தான் பேசினார். சாக்கடைக் குழாயைப் பெரிதாக்காமல் ஒரு செங்கல்லும் வைக்கக்கூடாது என்று தெருவுக்காகவும் கேட்டார். ஊழியர் வீடு இல்லாமல் ஒப்புதல் கொடுத்தால் மறுநாள் காலை இந்த அரங்கத்து வாசலில்தான் எங்கள் ஷிஃப்ட் ஆரம்பிக்கும் என்றும் சொன்னார். யாரும் எதிர்பாராமல் அதற்குப் பிறகு எழுந்தவர் செயலாளரின் மனைவி. கணவர் கையைப் பிடித்து இழுக்க, உதறிவிட்டு மைக்கிடம் வந்தார்.

"போன தடவை நான் பேசாம உக்காந்திருந்தேன். இந்த சிஸ்டர் இல்லன்னா நான் இல்ல. மழை நாள்ல பஸ் வரலன்னா எங்க மெஷின் லேட்டாத்தான் ஓடும். அவங்க பக்கத்துல இருந்தா நல்லதுன்னு எனக்குத் தோணுது. எங்க வீட்டுக்காரருக்கு வேற மாதிரி தோணினா அவரு தனியா பேசிக்கட்டும்."

அரங்கம் சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை. அண்ணன் அன்றைக்கு எழுந்து பேசவே இல்லை.

முழு வெற்றி என்று சொல்ல முடியாது. கோபுரங்கள் பதினாறு மாடியோடு நின்றன. முற்றத்தைச் சுற்றிய வீடுகள் வரவில்லை. ஆனால் ஊழியர் வீடுகள் கோபுரங்களுக்குள்ளேயே, கீழ் மாடிகளில், மற்றவர்கள் வரும் அதே வாசலோடு வந்தன. முதலில் சொன்னதில் பாதிதான். மீதிப் பாதி எங்கே என்று கேட்டதற்கு அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கட்டம் என்றால் எப்போது என்று கேட்டதற்குத் தலைவி கூட்டத்தை முடித்துவிட்டார்.

கட்டி முடித்துக் குலுக்கல் போட்டபோது சிஸ்டருக்கு வீடு விழவில்லை. அவருடைய வார்டில் இருந்த இளம் நர்ஸுக்கு விழுந்தது. சிஸ்டர் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். முகத்தைக் கழுவிவிட்டு வெளியே வந்து அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். குடியேறிய கொஞ்ச நாளிலேயே அவள் ஒரு செய்தியோடு வந்தாள். நான்காவது மாடித் தோட்டத்தின் கதவு ஊழியர் வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்த மின்னணு அட்டைக்குத் திறப்பதில்லை. சிஸ்டர் தன் மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அவளோடு நடந்தே போய், நிர்வாக அலுவலகத்தில் தணிந்த குரலில் பேசினார். அன்று சாயங்காலமே கதவு திறந்தது. "வீடு என்னவோ எனக்கு, சண்டை மட்டும் உங்களுக்கு" என்று அவள் கண் கலங்கினாள். "பரவால்ல, எனக்கு சண்டைதான் கைவசம் இருக்கு" என்றார் சிஸ்டர்.

அந்தக் கட்டடத்தின் கீழ்த் தளத்தில் ஒரு காபிக் கடை வந்தது. ஒரு நாள் மதிய ஷிஃப்டுக்குப் போகும் வழியில் சிஸ்டர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். உள்ளே அண்ணன், செய்தித்தாளும் காபியுமாக. தினமும் வருகிறார் என்று அண்ணி போனில் சொல்லியிருந்தார், சிஸ்டர் நம்பவில்லை. உள்ளே போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அண்ணன் திடுக்கிட்டு, பிறகு பேப்பரை மடித்தார். இளைத்திருந்தார்.

"காபி சொல்லட்டுமா?"

"வேணாம்."

"பேசி எத்தனை நாளாச்சு. இன்னும் மனசுல வெச்சிருக்கியா?"

"ஆமா."

"ஏதோ கோபத்துல வாய் தவறி வந்துடுச்சும்மா. விட்டுடேன். நாம என்ன அந்நியமா?"

"நாலு பேர் முன்னாடி எழுந்து நின்னு சொன்னீங்க. நாலு பேர் முன்னாடி திருப்பி எடுத்துக்குங்க."

"இப்ப அந்தக் கூட்டத்துக்கு எங்க போவேன்?"

"கூட்டம் வேணாம். உங்க சங்கத்துல சொன்னாப் போதும். நான் வெளியாள் இல்ல, பேச எனக்கு உரிமை இருந்துச்சுன்னு சொல்லுங்க."

அண்ணன் கோப்பையைச் சுற்றிச் சுற்றி நகர்த்தினார். பக்கத்து மேஜையில் இருந்த தெருக்காரர் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது இருவருக்குமே தெரிந்தது.

"வீட்டுக்கு வா, பேசுவோம்" என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி.

சிஸ்டர் எழுந்தார். "டியூட்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அண்ணன் அதற்குப் பிறகும் சங்கத்தில் அப்படி எதுவும் சொல்லவில்லை. சிஸ்டரும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அடுத்த கட்ட வீடுகளுக்கான கூட்டம் எப்போது என்று கேட்டு நகராட்சிக்கு மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறார். அவர் வருவதைப் பார்த்ததும் அங்கே இருக்கும் எழுத்தர், உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாராம்.